தாலி ஊக்கில் தொங்கியது

ராமநாதபுரம் செல்போன் கடையில், தாலி ஊக்கில் தொங்கிய பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தாள் கோகிலா.

"இதுல உள்ளதைப் புதுச் செல்லுல ஏத்திக் குடு தாயி."

கடைக்காரப் பெண் சிநேகா கம்ப்யூட்டரில் அதை மூன்று தடவை செருகிப் பார்த்தாள்.

"எப்பக்கா கடைசியாப் போட்டுப் பாத்தீங்க?"

"ஒம்போது வருசமாச்சு. பத்திரமா கழுத்துலயே கிடக்கு."

"அதான் தப்பு. உள்ள எலக்ட்ரானை அடைச்சுத்தான் படத்தை வச்சிருக்கு. வருசக்கணக்கா கரண்டே காட்டாம விட்டா, அது சுவரை உடைக்காமலே கொஞ்சங் கொஞ்சமா ஊடுருவி வெளிய போயிரும். இது காலிக்கா."

"ஒண்ணுமே இல்லையா?"

"கல்யாண வீடியோவாக்கா?"

வாசலிலிருந்து அவள் கணவன் சேதுராமன் எட்டிப் பார்த்தான். "வெயிலா இருக்கே கோகிலா, சர்பத் வாங்கியாரவா?"

"அண்ணன் தங்கமானவருக்கா," சிரித்தாள் சிநேகா.

கோகிலா குரலைத் தாழ்த்தினாள். "என் தலையில மண்ணெண்ணெயை ஊத்திட்டு அந்தாளு தீப்பெட்டி தேடுனதை, என் தம்பி ஜன்னல் வழியா செல்லுல புடிச்சான். அது இதுல இருக்குங்கிற பயத்துலதான் இத்தனை வருசமும் தங்கம். தம்பி செல்லும் இப்ப இல்ல."

சிநேகாவின் சிரிப்பு நின்றுபோனது.

சேதுராமன் உள்ளே வந்துவிட்டான். அவன் கண் பென் டிரைவிலேயே இருந்தது. "என்னம்மா, அதுல ஏதும் இருக்கா?"

கோகிலா தலைகுனிந்தாள். சிநேகா பென் டிரைவை அவளிடம் நீட்டினாள்.

"எல்லாம் தெளிவா இருக்குண்ணே. எங்கிட்டயும் ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன்."

சேதுராமன் பென் டிரைவிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, "மூணு சர்பத்தா வாங்கியாரேன்," என்று இறங்கிப் போனான்.

கோகிலா காலிப் பென் டிரைவைத் தாலி ஊக்கில் மறுபடி மாட்டிக்கொண்டாள்.