பன்னிரண்டு வருட மதர்போர்டு

"கம்பெனிக்காரனே மொத்தமா பண்ணி வித்தது சார். இந்த மதர்போர்டு வேற பெட்டியில உக்காராது. புது கம்ப்யூட்டரே வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கணவருக்கு அது மானப் பிரச்சினை. பன்னிரண்டு வருடமாக எதையும் மாற்றாமல் ஓட்டுகிறேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசியவர். துருப்பிடித்த பழைய பெட்டிக்குப் பதில் காலிப் பெட்டி மட்டும் வாங்கி வந்துவிட்டார்.

மனைவி டார்ச் பிடித்தாள்.

"உள்ள ரொம்ப நோண்டாதீங்க."

"என் கம்ப்யூட்டரைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

புதுப் பெட்டியின் திருகு ஓட்டைகள் எல்லாம் மதர்போர்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. பட்டனை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது.

"பாத்தியா! உக்காராதாமே! இரு, அந்தக் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

அவர் தலை மறைந்ததும் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, போன வருஷம் நான் தண்ணி கொட்டி அவரோட மதர்போர்டு புகைஞ்சப்ப, அவர் ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள நீ புதுசு மாத்தினியே, அது அழகா உக்காந்துடுச்சு."

"அதை நுழைக்க அந்தப் பழைய பெட்டியில நாலு ஓட்டை போட்டிருந்தேனே, பாக்கலையா?"

"பாத்தார். காத்து போக கம்பெனிக்காரன் அப்பவே யோசிச்சு வெச்சிருக்கான்னு மெச்சிக்கிட்டார்."