தலைமாடு

தலையணைகள் மறுபடியும் தலைமாட்டுக்குப் போயிருந்தன.

காலையில் அவள்தான் அவற்றை எடுத்துக் கால்மாட்டில் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருவதற்குள் யாரோ மாற்றிவிடுகிறார்கள். தினமும் இதே கூத்து.

ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை தலையணை?

அள்ளிக்கொண்டு போய்க் கால்மாட்டிலேயே போட்டாள்.

இதை அறை என்று சொல்ல முடியாது. ஒரு கூடம். அதைத் தாண்டினால் இன்னொரு கூடம். அதற்கும் அப்பால் கட்டில். குளிக்க இரண்டு இடம். எந்தக் கதவு எங்கே போகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. நேற்று வெளியே போவதாக நினைத்துத் துணி அலமாரிக்குள் போய் நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இந்த ஓட்டல் ரூம்தாம்மா காலியா கெடைச்சுது. வசதியா இருங்க" என்றிருந்தார் கம்பெனிக்காரர் தாமோதரன்.

வசதியாக இருந்து என்ன செய்வது என்று சொல்லவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே குளிர் ஆட்டியது. ஏசியை அணைக்கத் தெரியவில்லை. பால்கனிக் கதவைத் திறந்து அனலில் போய் நின்றாள். தூத்துக்குடி உப்பளத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. இந்த அரபு நாட்டில் அவள் உடம்புக்குத் தெரிந்தது அந்தச் சூடு ஒன்றுதான்.

அடுத்த கட்டடம் ஆஸ்பத்திரி. அங்கே அவள் புருஷன் கிடக்கிறான்.

தாமோதரன் கம்பெனியில் சாரம் கட்டுகிறவன். தான் கட்டிய சாரத்திலிருந்தே விழுந்தான். மூச்சை மெஷின் விடுகிறது.

அவள் வந்து சேர்ந்த அன்று கண்ணைத் திறந்தான். அவளைத்தான் பார்த்தானா என்று தெரியாது. ஆனால் திறந்தான்.

அப்போதுதான் அவள் ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தாள். எதிரே, இந்தப் பால்கனியிலிருந்து தெரிகிற அதே கண்ணாடிக் கட்டடம். காலைச் சூரியன் அங்கிருந்து கண்ணைக் குத்தியது.

அப்படியானால் அது கிழக்கு.

அப்படியானால் அவன் தலை இருப்பது வடக்கே.

"உசுருள்ள மனுசன வடக்க தலை வச்சுப் போட்டிருக்கியளே!"

அழுது அடம்பிடித்தாள். தாமோதரன் நர்ஸுகளிடம் கெஞ்சினார். வயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாற்றி, கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள்.

மறுநாள் அவன் கண் திறக்கவில்லை.

பிறகு திறக்கவே இல்லை.

இப்போது மெஷினை நிறுத்திவிடலாம் என்கிறார்கள் டாக்டர்கள். அவள் வாயால் 'சரி' என்று ஒரு வார்த்தை வேண்டுமாம். அதைக் கேட்கத் தாமோதரன் இன்று போன் செய்வார்.

வாசலில் மணி அடித்தது.

துண்டுகளோடு ஒருவர் நின்றார். நரைத்த தாடி. அவள் முகத்தைப் பார்த்ததும் தமிழில் பேசினார்.

"ஊரு தூத்துக்குடின்னு கீழ சொன்னாங்க. நமக்குக் காயல்பட்டினம்மா. ஜபருல்லா."

உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"நான் வைக்க, நீங்க எடுக்க. கட்டிலுக்கே கிறுகிறுப்பு வந்திருக்கும்."

"வடக்க தலை வச்சுப் படுக்கக் கூடாதுல்லாண்ணே."

"இது எங்க வடக்கு? தெக்குல்லா."

அவள் பால்கனியைக் காட்டினாள். "காலைல சூரியன் அங்கனதான உதிக்கி?"

"அது கண்ணாடிம்மா. சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னால உதிக்குது. எதிர்த்த கட்டடத்துல தெரியுது. மத்தியானத்துக்கு மேல வானம் பூரா புழுதி, எங்க விழுதுன்னும் தெரியாது. கண்ணாடிய நம்பித் தொழுதா நான் கிழக்க பாத்துல்லா தொழுதிருப்பேன்!"

கூரையைக் காட்டினார். ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை அம்பு, பால்கனிப் பக்கம் பார்த்து.

தீப்பிடித்தால் ஓடுகிற வழி என்று நினைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஓடினால் கீழேதானே விழ வேண்டும் என்று குழம்பியும் இருந்தாள்.

"நாங்க தொழுற திசைம்மா. நம்மூர் மாதிரியேதான். மேற்கு."

ஊரிலும் அவர்கள் மேற்கே பார்த்துத்தான் தொழுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

அம்பைப் பார்த்து நின்றாள். இடது கையை நீட்டினாள். இறக்கினாள். வலது கையை நீட்டினாள்.

அப்படியானால் கட்டில் சரியாகத்தான் கிடந்திருக்கிறது.

இந்தக் கட்டில்.

அந்தக் கட்டிலும்.

"என்னம்மா, மயக்கமா வருதா? உக்காருங்க."

போன் அடித்தது.

"என்னம்மா, யோசிச்சீங்களா?" தாமோதரன்தான்.

"கட்டிலத் திருப்பணும்."

"மறுபடியுமா? எதுக்கும்மா?"

"தலை தெக்க இருக்கணும்."

தாமோதரனுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். தெற்கே தலை வைத்து யாரைக் கிடத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

குரலை இறக்கிக் கேட்டார்.

"அப்போ… சரின்னு டாக்டர்கிட்டச் சொல்லிரட்டுமா?"

தூங்குகிறவனுக்கும் தெற்குதான். செத்தவனுக்கும் தெற்குதான்.

"நான் வாரதுக்குள்ள திருப்பிப் போடச் சொல்லுங்க."

போனை வைத்தாள். செருப்பை மாட்டினாள். வேகமாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

இருட்டு. கம்பியில் வெறும் ஹேங்கர்கள்.

"வாசல் இந்தப் பக்கம்மா" என்றார் ஜபருல்லா, பின்னாலிருந்து.

அவள் உடனே திரும்பவில்லை.