அரை மணிக்குக் குறையாது

"அரை மணி நேரம் விடுங்க மேஸ்திரி. அதுல ஒரு நிமிஷம் கொறஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்."

தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நின்றபடியே கேட்டாள் தனக்கோடி. குவித்த உப்பு அம்பாரத்தின் அருகே குடை பிடித்து உட்கார்ந்திருந்த மேஸ்திரி அரசப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"புள்ளைக்குப் பால் குடுக்க அரை மணியா? பத்து நிமிஷத்துல ஓடி வந்துடு."

"பத்தாதுங்க."

"சரி, கால் மணி. என் வூட்லயும்தான் நாலு புள்ளைங்க வளந்துச்சு."

"நீங்களா பால் குடுத்தீங்க?"

பாத்தியில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அரசப்பனின் மீசை துடித்தது.

"இதுக்குத்தான் இந்த வருஷம் கைப்புள்ளக்காரி எவளையும் புதுசா சேக்கறதில்லன்னு சொல்லிட்டேன். நீ பழைய ஆளுன்னு விட்டது தப்பாப் போச்சு. சகாயமேரியப் பாரு! சுனாமில படகு அடிச்சிட்டுப் போயி, நாலு நாளாத்தான் வேலைக்கு வர்றா. தலை நிமிராம சொமக்குறா. அவகிட்ட கத்துக்க."

சகாயமேரி அப்போதும் நிமிரவில்லை. கூடையைக் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டாள்.

தனக்கோடி விடுவதாக இல்லை.

"மத்தவங்க நாலு கூடை எடுக்கறதுக்குள்ள நான் ஆறு எடுக்கறேனா இல்லியா? நீங்களே சொல்லுங்க."

உப்பளமே அறிந்த உண்மை அது.

"எல்லாரும் சாப்பிடறப்ப நான் சொமக்குறேன். கணக்கு சரியாப் போயிடும். ஆனா புள்ள பசில கத்தறப்ப என்னால இங்க நிக்க முடியாது. எனக்கு வேலையும் வேணும், புள்ளையும் வேணும் மேஸ்திரி."

"விடாக்கண்டிடி நீ! போய்த் தொலை."

கூடையைக் கவிழ்த்த வேகத்தில் ஓட்டமாக ஓடினாள். கீற்றுக் கொட்டகைக்குள் ஒரே தூளி. அதில் தலைமாடு கால்மாடாக இரண்டு குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. தன் மகனை ஒரு கையால் தட்டிக்கொடுத்துவிட்டு, பெண் குழந்தையை முதலில் எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். அதன் அழுகை சட்டென்று நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடிடி தங்கம். உங்கம்மா சகாயமேரி வாயத் தொறந்து கேக்க முடியுமா? புள்ளையே இல்லன்னு சொல்லித்தானே இங்க வேலைக்குச் சேந்திருக்கா."