திரைக்குப் பின்னால் உறுமும் மிருகம்

2004 பிப்ரவரி 11, புதன்கிழமை, முற்பகல் பத்தரை மணி. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒலிபரப்பான வானொலி நாடகத்தின் கடைசி நாடா பூஞ்சை பிடித்துப் பாழாகிவிட்டதால், அந்தக் காட்சியை மட்டும் மறுபடி பதிவு செய்கிறார்கள். பனிவெளி ஆய்வுக்கூடத்தில் தனியாக மிஞ்சிய விஞ்ஞானி, கதவுக்கு வெளியே மிருகத்தின் உறுமலைக் கேட்டு அலற வேண்டும். அன்று இருபத்து மூன்று வயதில் அலறிய நடிகையே இன்றும் ஒலிவாங்கியின் முன் நிற்கிறார். கணினியிலிருந்து உறுமலை மூன்று முறை ஒலிக்கவிட்டும் அவருக்கு அலறல் வரவில்லை. “வயசாயிடுச்சு தம்பி. வேற யாரையாவது வெச்சுக்கோங்க” என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு, வசனத்தாளை மடிக்கிறார். அன்று திரைக்குப் பின்னால் மறைந்து நின்று உறுமலை உண்டாக்கிய ஒலிக்கலைஞர், ஒரு துணிப்பையுடன் மூலையிலிருந்து எழுகிறார். “அக்கா, நான் அதை எப்படிப் பண்ணேன்னு இப்பவாவது பாக்கறீங்களா?” “ஐயோ, வேண்டாம்! இத்தனை வருஷமா ஆசையா பயந்துக்கிட்டிருக்கேன், கெடுத்துடாதே. திரையை இழுத்து விடு.” சாயம்போன பச்சைத்திரை, வளையங்கள் கிறீச்சிட, பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. பதிவுவிளக்கின் சிவப்பு நடிகையின் நரைமுடியில் படிகிறது. திரைக்குப் பின்னால் ஈரமான ஏதோ ஒன்று தகரத்தின்மீது மெல்ல இழுபட்டு, உறுமலாகத் திரள்கிறது. தாள் அவருடைய கைக்குள் கசங்குகிறது. இருபத்து மூன்று வயதின் அலறல் கண்ணாடிச் சுவரை அதிரவைக்கிறது. இயக்குநரின் தேநீர் சட்டையில் சிந்துகிறது. இந்தப் பதிவையே ஒலிபரப்புவதென்றும், துணிப்பையை எவரும் திறந்து பார்ப்பதில்லையென்றும் முடிவாகிறது.