எண்பத்தொன்பது காலடி

மூன்றாம் நாளும் அப்பா வடை சாப்பிடவில்லை.

ஹெப்ரானுக்கு இது பெரிய ஏமாற்றம். விடியுமுன் எழுந்து, தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆற்றங்கரை நடைபாதையில் நாற்பதடி பின்னாலேயே வருகிறவனுக்கு ஒரு வடையாவது காட்டியிருக்கலாம்.

துப்பறிய அனுப்பியது அம்மா டார்லின். அப்பா எலியேசர் நாலு மாதமாக ஒருநாள் விடாமல் நடக்கிறார். சர்க்கரை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

“நடந்துட்டு வார வழியில எங்கனயோ கைய நனைச்சிட்டு வாராரு. போயி பாத்துட்டு வாலே.”

அப்பா வேதாகமத்தின் மேல் கைவைத்து இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்கு வேதாகமத்தின் மேல் முழு நம்பிக்கை. அதன் மேல் இருந்த கையைத்தான் நம்பவில்லை.

டாக்டர் பீர் முகம்மது சீட்டில் எழுதிக்கொடுத்தது தினம் நான்கு கிலோமீட்டர். நடைபாதையில் நூறு நூறு மீட்டராக மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருக்கும், மறுகோடியில் 1000. போய்த் திரும்பினால் ஒரு சுற்று, இரண்டு கிலோமீட்டர். ஆகவே அப்பாவுக்குத் தினம் இரண்டு சுற்று.

அடுத்த மாதமும் சர்க்கரை இறங்காவிட்டால் வயிற்றில் இன்சுலின் ஊசி, தினமும், என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன தடவை ரத்தம் எடுக்கப் போனபோது நர்ஸ் பஞ்சைத் தொட்டதுமே நாற்காலியோடு சரிந்தவர் அப்பா. ஊசி அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

முதல் நாள் துப்பறிந்ததில் அப்பா ஒரு நாய்க்கு வழிவிட்டார். இரண்டாம் நாள் சைக்கிள் டீக்காரரிடம் பன்னிரண்டு நிமிடம் பேசினார். குடித்தது சீனி போடாத டீ. இன்று வடைக்கடையை, ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தார். ஆற்றில் படர்ந்து மிதந்த அமலைச்செடியின் மேல் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் அம்மாதான் அனுப்பியிருப்பாளோ என்று ஹெப்ரானுக்கு ஒரு சந்தேகம்.

இரண்டாவது சுற்றில் திரும்பி வரும்போது அவனுக்குச் சலித்துவிட்டது. 400 என்ற எண்ணை மிதித்தபோது சும்மா காலடியை எண்ண ஆரம்பித்தான்.

சிவில் படிக்கிறவன். சர்வே வகுப்பில் மைதானத்தில் நடக்கவிட்டு, அவன் கணக்குக்கு நூறு மீட்டர் என்பது நூற்று முப்பத்து மூன்று காலடி என்று முடிவுகட்டியிருந்தார்கள். மூன்று வருடத்தில் கல்லூரி அவனைப் பற்றி உறுதியாகச் சொன்ன ஒரே விஷயம் அது.

300 வந்தபோது எண்பத்தொன்பதுதான் ஆகியிருந்தது.

முதலில் தன் காலைச் சந்தேகப்பட்டான். வகுப்பு நடந்தது போன வருடம்தான். அதற்குள் இவ்வளவு நீளமாக வளர்ந்திருக்குமா?

200க்கு வந்தபோது தொண்ணூறு.

100க்கு வந்தபோது மறுபடியும் எண்பத்தொன்பது.

மருத மரத்தடியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர், தரையைப் பார்த்து முணுமுணுத்தபடி வருகிறவனுக்குச் சற்று மரியாதையாகவே ஒதுங்கி வழிவிட்டார்.

கால் வளரவில்லை. பாதைதான் குட்டை.

ஹெப்ரான் தான் துப்பறிகிறவன் என்பதை மறந்து ஓடினான்.

“எப்பா.”

பாதை தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அப்பா திரும்பிப் பார்த்தார். “நீ எங்கனலே வந்தே?”

“அம்மா அனுப்புனா. அத விடுங்க. நீங்க வடை திங்கலங்கது தெரிஞ்சு போச்சு. ஆனா இது ஆயிரமே கிடையாதுப்பா. நூறுன்னு எழுதிருக்க எடத்துல அறுவத்தேழு மீட்டர்தான் இருக்கு. நாலு கிலோமீட்டர்னு நெனச்சிட்டு நீங்க ரெண்டே முக்கா கூட நடக்கல. மூணு சுத்து நடந்தாத்தான் நாலு வரும். பொறவு சர்க்கர எங்கன எறங்கும்?”

நாலு மாதமாக வீட்டில் சந்தேகக் கேஸாகவே சாப்பிட்டுத் தூங்குகிற மனிதர் இதைக் கேட்டுத் துள்ளியிருக்க வேண்டும். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“எதுவரைக்கும்லே எண்ணுன?”

“நானூறுலேர்ந்து நூறு வரைக்கும்தான். நாளைக்குக் காலேஜ் டேப்ப எடுத்துட்டு வந்து அந்தக் கடைசி வரைக்கும் அளந்து, வீடியோ புடிச்சுப் போடுதேன். இத ஆயிரம்னு அளந்த மகராசன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்.”

அப்பா மூஞ்சியை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் வடைக்கடை எதுவும் இல்லை.



“டேப்பு வேண்டாம்லே” என்றார் பைய. “மொத்தம் அறுநூத்தி எழுவத்திரண்டு மீட்டர். கடைசி நூறு மட்டும் ரெண்டு மீட்டர் கூட வரும்.”

கடைசி நூறில் ஹெப்ரான் ஒரு காலடிகூட எண்ணியிருக்கவில்லை.

அவன் அடுத்த கேள்வியைக் கண்டுபிடிப்பதற்குள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பவும் நடக்க ஆரம்பித்திருந்தார்.

எதிரே தன் முதல் சுற்றை முடித்து வந்துகொண்டிருந்த பாத்திரக்கடை நமச்சிவாயம் அண்ணாச்சி ஆச்சரியத்தில் நின்றேவிட்டார்.

“என்ன ஓவர்சியர், நீங்க போட்ட பாதைன்னு இன்னைக்கு மூணாவது சுத்தா?”

“இல்ல அண்ணாச்சி” என்றார் அப்பா, நடையை நிறுத்தாமல். “ரெண்டுதான்.”