ஒரே தட்டில் கந்தூரிச் சோறு

கிட்ட வாங்க கண்ணுகளா, செஞ்சிக் கோட்டையடி தர்காவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருடக் கந்தூரி விருந்தைக் காட்டுகிறேன். பெரிய தட்டில் சோறு ஆவி பறக்கிறது. சுற்றிலும் நான்கு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வல்லத்துக் கூலிக்காரி சின்னப்பொண்ணு மட்டும் தள்ளி நின்று முந்தானையை ஏந்துகிறாள். "இன்னாத்துக்கு ஏந்துற? அவுலியா மகான் பேர்ல ஆக்குன சோறு, தட்டுல கைவை," என்கிறாள் தட்டருகே இருக்கும் மைமூன் பீவி. சின்னப்பொண்ணு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். டீக்கடையில் மற்றவர்களின் டம்ளரைத் தொட்டதற்கு விழுந்த அடி முழங்கையில் இன்னும் வீங்கியிருக்கிறது. "நான் சேரிக்காரிம்மா. அப்பால தெரிஞ்சி அடிக்காதீங்க." "சொல்லிட்டல்ல? சோறு ஆறுது, குந்து." ஓடத் தோதாக வாசல் பக்கம் குந்தி, ஓரத்துப் பருக்கையைத் தொட்டுவிட்டு அடிக்குக் காத்திருக்கிறாள். அவள் விரல் பட்ட இடத்திலேயே ஒரு பிடி அள்ளித் தின்று, "உப்பு கம்மி," என்கிறாள் மைமூன். சின்னப்பொண்ணு இன்னும் நம்பவில்லை. ஆனாலும் அடுத்த கவளத்தைப் பெரிதாக எடுக்கிறாள். உங்கள் வீட்டுச் சோற்றை எந்தக் கையும் பயந்து பயந்து தொட வேண்டாதிருக்கட்டும், கண்ணுகளா.