நாளுக்கு நாற்பது பேர்

"ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து பாக்கினம், பிள்ளை. சும்மா இல்லை."

சுன்னாகத்துக் கலியாணத் தரகர் இராசநாயகம் இதைச் சொல்லிவிட்டுச் சால்வையை ஒருமுறை சரிசெய்துகொண்டார். அவருடைய இணையத்தளத்தைத் திருத்த வந்திருந்த வித்தியா, ஓம் என்று மட்டும் சொல்லி மடிக்கணினியைத் திறந்தாள். சாவகச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு.

எந்தப் பெட்டையைக் கண்டாலும் ஆற்றை பிள்ளை, எவ்விடம், என்ன நட்சத்திரம் என்று கேட்காமல் விடாத மனுசன், இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. போன கிழமை கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தகப்பன், உம்மைக் கூகிளில் தேடினேன், காணவில்லை, வேறை ஒரு தரகுப் பெடியன்தான் வந்தான், அவனிடமே சாதகத்தைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார். முப்பது வருசத் தொழில். இன்னும் நாலு பேர் இப்படிப் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு தானே இரகசியமாகத் தேடிப் பார்த்தார். எப்படித் தேடினாலும் நாலாம் பக்கத்தில், ஒரு பந்தல்காரருக்கும் கோழித்தீன் கடைக்கும் நடுவில் கிடந்தார். வீட்டுக்காரிக்குக்கூட இதைச் சொல்லவில்லை.

வித்தியா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். முகப்புக்குள்ளே நிறுவுனர். நிறுவுனருக்குள்ளே அவருடைய சேவை. சேவைக்குள்ளே பாராட்டு. பாராட்டுக்குள்ளே அவர் பொன்னாடை போர்த்திக்கொண்ட படங்கள், பதினேழு. பதினேழாவதுக்குக் கீழே, சின்ன எழுத்தில் 'மணமகள் குறிப்புகள்'.

"முகப்பிலை இருந்தே குறிப்புகளுக்கு நேர்வழி இருக்கோணும், ஐயா. இப்ப கூகிள் உங்கடை மூண்டாவது பொன்னாடையோடை திரும்பிப் போகுது."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. வருகிறவன் முதலில் என்னை அறியட்டும் என்று அந்த ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இவ்வளவையும் தாண்டி நாற்பது பேர் வருகிறார்களே, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று காட்டச் சொன்னார்.

அவளுடைய விரல் பட்டியலைத் தேடாமலே நூற்றுப் பதினாலாம் குறிப்பில் போய் நின்றது. பெண்பிள்ளைகளின் பேரும் படமும் போடுவது அவரிடம் வழக்கமில்லை. வயது முப்பத்தொன்று, பட்டதாரி, தகப்பன் இல்லை, ஒரே பிள்ளை. அவ்வளவுதான்.

ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே 'பார்த்தோர்' என்று ஓர் இலக்கம் ஓடவேண்டும் என்பதும் அவருடைய யோசனைதான். மற்றக் குறிப்புகளில் ஏழு, நாலு, பதினொன்று என்று கிடந்தது. இதில் நாற்பதாயிரத்துச் சொச்சம்.

வித்தியா தளத்தின் உள்ளே போய் வருகைப் பதிவுகளைத் திறந்தாள்.

"நாற்பது பேர் இல்லை, ஐயா. ஒரே ஒரு போன். தென்மராட்சிப் பக்கம். மூண்டு வருசமா, ஒரு நாளைக்கு நாற்பது தரம், எல்லாப் பொன்னாடையும் தாண்டி வந்து இதை மட்டும் பாக்குது."

தினமும் நாற்பது குடும்பங்கள் நாடும் நிறுவனம் என்று அடித்த விசிட்டிங் காட் மேசையில் கட்டுக்கட்டாக இருந்தது. அவர் மெல்லச் சால்வையை அதன்மேல் போட்டார்.

ஆனால் தரகர் தரகர்தான். ஒரு நிமிசத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உவன் விழுந்திட்டான், பிள்ளை. மூண்டு வருசமா ஒரே குறிப்பை ஒருத்தன் பாக்கிறானெண்டால் வேறை என்ன? என்னட்டை வந்து கேக்கக் கூச்சப்படுறான். உதை நான் முடிச்சு வைக்கிறன்."

கொப்பியைப் புரட்டி நூற்றுப் பதினாலைப் பிடித்தார். தாய் பூரணம். சாதகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்த மனுசி. இந்தப் பக்கம் போனவரையெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனது நினைவு வந்தது. மூன்று வருசத்தில் ஒருதரம்கூட அவவுக்குப் போன் எடுக்கவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கு இருந்தது. பதினெட்டாவது பொன்னாடை அவர் தோளில் ஏறிவிட்டது.

இலக்கத்தை அமத்திப் போனைக் காதில் வைத்தார். வித்தியா எழுந்து வந்து, மரியாதையாக அதை அவர் கையிலிருந்து வாங்கி நிறுத்தினாள்.

"எடுக்காதேங்கோ, ஐயா. அந்த நாற்பது தரமும் திறக்கிறது என்ரை அம்மா. இலக்கம் கூடக் கூட, ஆரோ மாப்பிள்ளை பாக்கினம் எண்டு நினைக்கிறா."